செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த குளம்

கருங்கல் பஸ் நிலையத்தில் காலை ஐந்தே காலுக்கு வடசேரி பஸ்ஸில் ஏறினேன். டிசம்பர் மாதம், சனிக்கிழமை. வீட்டு முகப்புகளில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். கண்டக்டர் தம்பி என் துணிப்பையைப் பார்த்துவிட்டு, சந்தைக்கா என்று கேட்டான். இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போகிறேன் என்றேன். எழுபத்து நாலு வயதில் எந்தப் பள்ளிக்கூடம் என்று அவன் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

நான் சொன்னது பொய் இல்லை. பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

என் பெயர் தங்கபாய். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தேழு வருஷம் ஆயாவாக வேலை பார்த்தேன். அங்கே உயிரியல் சொல்லிக்கொடுத்தவர் ஹெப்சி டீச்சர். என்னைவிட எட்டு வயது இளையவர். அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் முன்னாலும் அக்காதான், தலைமையாசிரியர் முன்னாலும் அக்காதான். போன ஐப்பசி மழையில் டீச்சர் மரித்துப் போனார். அவரிடம் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் சேர்ந்து, அவர் எங்களைக் கூட்டிப் போன குளத்தங்கரையில் அவர் பெயரில் ஒரு கல் பெஞ்சு போடத் தீர்மானித்திருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம்.

போன வழி, ஏறின வண்டி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லுவேன். அந்தக் குளத்தின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். தேரூருக்கு அப்புறம், அவ்வளவுதான். பெயரை எழுதினால் ஆட்கள் கார் கொண்டுவந்து பாட்டு போடுவார்கள். பறவைகளுக்கு ஆகாது. டீச்சருக்கும் பிடிக்காது.

கருங்கலில் இருந்து நாகர்கோவில் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். திங்கள்சந்தையில் மீன்கூடைகளோடு மூன்று பெண்கள் ஏறினார்கள். சுங்கான்கடை வரும்போது கிழக்கே லேசாக வெளுத்தது. பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறியபோது பழைய பயணம் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பாலம் கிடையாது. நாற்பது பிள்ளைகளை எண்ணி எண்ணி பஸ்ஸில் ஏற்றுவோம். முன்வாசலில் டீச்சர், பின்வாசலில் நான்.

ஆறு இருபதுக்கு வடசேரி. ஒரு டீ பன்னிரண்டு ரூபாய், ஒரு ரசவடை எட்டு ரூபாய். வடையில் காரம் நன்றாக இருந்தது. பூக்கடைகளின் ஓரத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு வாழைநார் வாங்கினேன். கடைக்காரப் பெண், பூ வாங்காமல் நார் மட்டும் எதற்கு என்று கேட்டாள். செருப்பு கட்ட என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன்.

ஆறு நாற்பதுக்கு லதா வேனோடு வந்தாள். லதா அந்த வகுப்பில் முன்பெஞ்சுக்காரி. குவைத்தில் இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வண்டியில் இருந்து குதித்து இறங்கி என் கையைப் பிடித்தாள்.

"ஆயாம்மா, நல்லா இருக்கியளா? முட்டு வலி எப்படி?"

"முட்டு வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக வராம இருப்பனா? நீ என்னட்டி, இப்படித் தடிச்சு வண்ணம் வச்சிட்ட?"

"குவைத்து சோறு, ஆயாம்மா" என்றாள்.

வேனில் பதினாறு பேர் இருந்தார்கள். தலை நரைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள். பெயர் சொன்ன பிறகு ஒவ்வொரு முகத்துக்குள்ளும் இருந்த பழைய முகம் மெதுவாக வெளியே வந்தது. டிரைவர் தம்பி, குளத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் என்றும், சுசீந்திரத்தில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம் என்றும் சொன்னான்.

சுசீந்திரம் தாண்டும்போது லதா தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். அந்த நாளில் குளத்தங்கரையில் எடுத்த போட்டோ. பிள்ளைகள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் சேலையை ஏற்றிச் செருகிய டீச்சர். ஓரத்தில் சாக்குப்பையோடு நான். பின்னால் குளம், அதற்கும் பின்னால் மருந்துவாழ்மலை. இந்தப் போட்டோவை வைத்துத்தான் பெஞ்சு போடும் இடத்தைக் கண்டுபிடித்தோம், வில்சன் விடியும் முன்பே கொத்தனாரோடு அங்கே போய்விட்டான் என்று லதா சந்தோஷமாகச் சொன்னாள். வில்சனும் அதே வகுப்புதான். இப்போது கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர்.

நான் போட்டோவைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். பிறகு கால்களைப் பார்த்தேன். இடம் தப்பிவிட்டதோ என்று தோன்றியது. நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஏழே கால் மணிக்குக் குளம். மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் வயல்களில் பச்சை கட்டி நின்றது. குளம் கரை முட்ட நிறைந்து, பாதிக்குத் தாமரை இலை படர்ந்து கிடந்தது. ரோடு குளத்தின் மேற்குக் கரையோடு போகிறது. வண்டி நிறுத்த அங்கேதான் இடம். அங்கேயே, ரோட்டை ஒட்டி, இரண்டு குழி வெட்டியிருந்தது. பக்கத்தில் டெம்போவில் பெஞ்சுக் கல் மூன்று துண்டாகக் கிடந்தது. உட்காரும் பலகை ஒன்று, கால் இரண்டு. பலகையின் ஓரத்தில் டீச்சரின் பெயரைக் கொத்தியிருந்தார்கள். நான் விரலால் தடவி, எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெயர் சரியாக இருந்தது.

இடம்தான் சரியில்லை.

வில்சன் ஓடிவந்து கும்பிட்டான். அவன் சொல்லும்வரைகூட நான் பொறுக்கவில்லை. டீச்சர் இந்தக் கரையில் ஒருநாளும் உட்கார்ந்தது கிடையாது, உட்கார்ந்தது எதிர்க்கரையில், மடைப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொத்தனார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வில்சன் பொறுமையாகத்தான் பேசினான். போட்டோவைக் காட்டினான். மலை இருக்கும் திசையைக் காட்டினான். "இங்க நின்னு பாத்தாத்தான் மலை இப்படித் தெரியும், ஆயாம்மா. போட்டோவுல அப்படியே இருக்கு. முப்பத்தஞ்சு வருசமாச்சு, எல்லாருக்கும் கொஞ்சம் மறந்துதான் போகும்."

"போட்டோ எடுத்த எடம் இதுதான் மக்கா. நான் இல்லன்னா சொன்னேன்? சாயங்காலம் பஸ்சுக்கு நிக்கும்போ எடுத்தது. நீ மலையப் பாக்காத, காலப் பாரு. எல்லாருக்க காலுலயும் செருப்பு கிடக்கா? டீச்சருக்க காலுலயும் கிடக்கு. பறவை பாக்குத நேரத்துல டீச்சர் செருப்பு போட்டிருந்தாவளா, நீயே சொல்லு."

படிக்கிறவர்களுக்குச் செருப்பு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். குளத்துக்கு வந்து சேர்ந்ததும் டீச்சர் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லுவார். செருப்புக் காலோடு நடந்தால் சருகு நொறுங்கும், பறவை எழுந்து போய்விடும் என்பார். அவரும் கழற்றுவார். மடைக்கல் பக்கத்தில் நாற்பது ஜோடி செருப்பும் குவிந்துவிடும். பிள்ளைகள் கொஞ்சம் தள்ளிக் கரையோரம் வரிசையாக உட்கார்ந்து, பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் தண்ணீரைப் பார்க்க வேண்டும். செருப்புக்குக் காவல் நான். அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி ரப்பர் செருப்பாக இருப்பதால் கிளம்பும்போது சண்டை வரும். அதற்காக ஒவ்வொரு ஜோடியையும் வாழைநாரால் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக முடிச்சு போடுவேன். யாருக்கு எந்த முடிச்சு என்பது என் மனசில் இருக்கும். ஒரு தடவைகூட ஒரு செருப்பும் மாறிப் போனதில்லை.

பத்து நிமிஷம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்ததைச் சொன்னால் டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்தில் இருப்பவன் சொன்னதையும் சொல்லக் கூடாது. வில்சன் வகுப்பைக் கூட்டி வந்த முதல் தடவை நாற்பது பேரும் சொல்லி முடித்ததும், டீச்சர் என் பக்கம் திரும்பி, "தங்கக்கா, நீங்க என்ன பாத்திய?" என்று கேட்டார். நான் செருப்பைத்தான் பார்த்தேன் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. செருப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். எறும்பு வரிசை ரப்பர் செருப்பை எல்லாம் சுற்றிப் போகிறது, தோல் செருப்பில் மட்டும் ஏறி உள்ளே போகிறது என்றேன். டீச்சர் உடனே நோட்டை எடுத்து எழுதினார். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில், 'தங்கபாய் பார்த்தது' என்று தலைப்பு போட்டு அதை எழுதி, ஏன் அப்படி என்று பிள்ளைகளைக் கண்டுபிடித்து வரச் சொன்னார். ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்கச் செருப்பும் எறும்புமாகக் கிடந்தது. நான் விளக்குமாறோடு வராந்தாவில் நின்று, பலகையில் இருந்த என் பெயரைப் பார்த்தேன். அது வரைக்கும் என் பெயரைச் சம்பளப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

வில்சனுக்கும் அந்த எறும்பு ஞாபகம் இருந்தது. ஆனாலும் அவன் தலையை ஆட்டினான். "செருப்ப வச்சு ஒரு கல்லுப் பெஞ்ச மாத்த முடியுமா? அங்கன வண்டி போகாது. மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்."

கொத்தனாரும் சேர்ந்துகொண்டார். "யம்மா, சிமென்ட் இன்னும் குழைக்கல. குழைச்சிட்டா பொறவு யாரு சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். இப்பமே சொல்லிருங்க."

மற்றவர்கள் இரண்டு பக்கமாகப் பேசத் தொடங்கினார்கள். கார் நிறுத்த வசதி, வயதானவர்கள் வந்தால் வசதி என்றார்கள். யாரோ ஒருவர், எந்தக் கரையாக இருந்தால் என்ன, குளம் ஒன்றுதானே என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டினால் கிழவிக்குப் பிடிவாதம் என்று விட்டுவிடுவார்கள். அதனால் வில்சனின் கையைப் பிடித்துத் தண்ணீரோரம் கூட்டிப் போனேன். சூரியன் எதிர்க்கரைத் தென்னைகளுக்கு மேலே ஏறி எங்கள் முகத்தில் அடித்தது. தாமரை இலை மேலே நாலைந்து பறவைகள் கோழி போல நடந்துகொண்டிருந்தன.

"அங்கன நடக்குதே, அது என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"அது நீலக்கோழி, ஆயாம்மா. நீலமும் ஊதாவும். மூக்கு சிவப்பு."

"உனக்குத் தெரிஞ்சத நான் கேக்கல. உனக்க கண்ணுல இப்பம் என்ன படுது, அதச் சொல்லு."

வில்சன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். கொத்தனாரும் பார்த்தார்.

"கறுப்பு" என்றான் வில்சன்.

"பாத்தியா? இந்தக் கரையில இருந்து பாத்தா காலையில எல்லாப் பறவையும் காக்காதான். வெயிலு முதுகுல விழணும், அப்பந்தான் நிறம் தெரியும்னு டீச்சர் எத்தன மட்டம் சொல்லிருக்காவ. போட்டோக்காரனும் வெயில முதுகுல வாங்கித்தான் எடுத்தான். அது சாயங்கால வெயிலு, அதனால இந்தக் கரை. நாளைக்கு ஒரு பிள்ள காலையில வந்து டீச்சருக்க பேரு எழுதின பெஞ்சுல இருந்து பாக்கும். அதுக்கு ஒரு நிறமும் தெரியாம, எல்லாம் கறுப்புன்னு எழுந்து போகணுமா?"

வில்சன் எதிர்க்கரையைப் பார்த்தான். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வடக்குக் கரை வழியாக நடக்கத் தொடங்கினான். பின்னாலேயே மற்றவர்களும் கழற்றினார்கள். லதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வாழைத் தோட்டம். டிரைவர் தம்பி பிறகு காலால் அளந்து, அறுநூறு அடிக்குக் குறையாது என்றான். எனக்கு அது ஆறு மைல். முட்டு வலியில் இரண்டு இடத்தில் நின்றேன். நிற்கும்போது லதா, டீச்சரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி நர்சுகளோடு வழக்காடினாராம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்ததாம். அதைக் கேட்டதும் என் டீச்சர் கடைசி வரைக்கும் மாறவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகை வரவில்லை.

கிழக்குக் கரையில், அந்த நாளில் நிழல் தந்த பெரிய மரம் இப்போது இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. மரம் நின்ற இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. மடை எங்கே என்று தேடினேன். லதா புல்லை விலக்கினாள். கல் இருந்தது. நான் உட்கார்ந்து தேய்ந்த அதே கல். பக்கத்தில் தண்ணீருக்கு இறங்கும் நாலு படி. மேல் படியில் ஒரு மூலை உடைந்திருக்கும் என்று வரும் வழியிலேயே லதாவிடம் சொல்லியிருந்தேன். உடைந்துதான் இருந்தது.

ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் எங்கள் முதுகில் விழுந்தது. முன்னே கறுப்பாக நடந்த அதே கோழிகள், இப்போது நீலமும் ஊதாவுமாக, பட்டுச்சேலை மடிப்பைப் போல மின்னின. மூக்கும் நெற்றியும் குங்குமச் சிவப்பு. வாலை ஆட்டும்போதெல்லாம் அடியில் வெள்ளை தெரிந்தது.

"ஏலே வில்சா, இது புக்குல இல்லியா?" என்று யாரோ கேலி செய்தார்கள். அவன் திரும்பவே இல்லை.

லதா பஞ்சாயத்துக்காரருக்குப் போன் போட்டாள். வழியை மறிக்காமல் எந்தக் கரையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கல்லைக் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. பேராசிரியர், வங்கி மேனேஜர், தபால்காரர், ரப்பர் தோட்டக்காரர் எல்லாரும் வேட்டியையும் பேண்டையும் மடித்துக் கட்டிக்கொண்டு, கயிறும் கம்பும் போட்டுத் தூக்கினார்கள். பலகைக் கல்லை நடுவழியில் ஆறு தடவை இறக்கி வைத்தார்கள். கொத்தனார் முன்னால் நடந்துகொண்டு, படிச்ச ஆளுகளுக்குத் தோள்ல எலும்பே இல்லியா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மேற்குக் கரையில் வெட்டிய குழிகளை அவர் வீணாக்கவில்லை. பூவரசு மரத்தில் இரண்டு கம்பு ஒடித்துக் குழிக்கொன்றாக நட்டுவிட்டு வந்தார். பூவரசு கம்பு வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

பத்தே கால் மணிக்கு பெஞ்சு நின்றது, மேற்கைப் பார்த்து. சிமென்ட் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதனால் எல்லாரும் பெஞ்சைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்தார்கள். ஜெபம் பண்ணலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் டீச்சர் முறைப்படி இருப்போம் என்றான் வில்சன். என்னையும் வரிசையில் வந்து உட்காரச் சொன்னார்கள். நான் போகவில்லை. மடைக்கல்லில் உட்கார்ந்து, பையில் இருந்து வாழைநாரை எடுத்து, குவிந்து கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாகக் கட்டி முடிச்சு போட்டேன். என் இடம் அது. அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது.

பத்து நிமிஷம் முடிந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்ததைப் பார்த்தார். ஒருவர் தாமரை இலை மேல் தண்ணீர்ப்பாம்பு போனதைப் பார்த்தார். லதா, தவளையின் தொண்டை ஒரு நிமிஷத்தில் எண்பது தடவை துடித்ததை எண்ணியிருந்தாள். நர்ஸ் அல்லவா. வில்சன் புதிதாக வாங்கிய நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"ஆயாம்மா, நீங்க என்ன பாத்திய?"

"எறும்பு இப்பமும் தோல் செருப்புலதான் ஏறுது" என்றேன். "இத்தன செருப்புல தோல் செருப்பு ஒண்ணே ஒண்ணுதான். அது உனக்கது. நல்லா உதறிட்டுப் போடு."

எல்லாரும் சிரித்த சிரிப்பில் நீலக்கோழிகள் எழுந்து பறந்துவிட்டன. டீச்சர் இருந்திருந்தால் திட்டு வாங்கியிருப்போம். வில்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எழுதினான். எழுதியதை என்னிடம் நீட்டினான். தலைப்பை நானே வாசித்தேன்.

மத்தியானம் வட்டக்கோட்டைக்குப் போய், வெளியே பனை நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அந்த நாளிலும் மத்தியானச் சோற்றுக்கு அங்கேதான் போவோம், சாயங்காலம் குளத்து ரோட்டுக்குத் திரும்பி வந்து பஸ் ஏறுவோம். கடல்காற்றில் இலை பறந்தது. செருப்பு ஒன்றும் மாறவில்லை. மூன்றரைக்கு என்னை வடசேரியில் இறக்கிவிட்டார்கள். வீடு வரை கொண்டுவிடுகிறேன் என்று லதா சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலையில் பார்த்த கண்டக்டர் தம்பி இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டில் நான் தினமும் காலையில் முன்வாசலில் நாற்காலி போட்டு, கிழக்கே பார்த்து உட்காருவது வழக்கம். எதிரே வாழைக்கூம்பில் ஒரு சின்னக் கறுப்புக் குருவி வந்து தேன் குடிக்கும். பல வருஷமாக அதைக் கறுப்புக் குருவி என்றுதான் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போகும் முன்னால், நாற்காலியைத் தூக்கி வாழைக்கு அந்தப் பக்கம், கிழக்கு மதிலோரம் போட்டேன். வெயில்ல ஏன் உட்காருதிய என்று மருமகள் கேட்டாள். வெயில் முதுகில்தானே விழுகிறது என்றேன்.

குருவி வந்தது. கறுப்பு இல்லை. கழுத்து நீலமும் பச்சையுமாக, மயில் கழுத்தைப் போலவே மின்னியது. குளத்தில் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்துவிட்டு வந்தவள், என் வீட்டு வாசலில் இத்தனை வருஷமும் தப்பான கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பேரனின் பழைய நோட்டில் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. தேதியைப் போட்டு, பார்த்ததை எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. தலைப்பு மட்டும் வேகமாக வந்தது: தங்கபாய் பார்த்தது.